நான்கு நானோமீட்டரின் வலிமை

செல்லைப் போர்த்தியிருக்கும் லிப்பிட் படலம் எவ்வளவு உறுதியானது? இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. குறைந்தது மூன்று விடைகள் உண்டு: படலத்தை வளைக்கத் தேவைப்படும் ஆற்றல், இழுத்துப் பரப்பைக் கூட்டத் தேவைப்படும் விசை, ஒரு பகுதியை அடுத்த பகுதியை உரசிப் பக்கவாட்டில் நகர்த்தத் தேவைப்படும் விசை.

மூன்றும் மூன்று திசையில் போகின்றன. வளைப்பது எளிது. அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறு இயல்பாகவே பெற்றிருக்கும் வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 20 மடங்குதான் இதன் வளைவுறுதி. அதனால்தான் நுண்ணோக்கியில் பெரிய லிப்பிட் குமிழிகளைப் பார்க்கும்போது அவற்றின் விளிம்பு ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. நீட்டுவதோ கடினம். பரப்பு ஒரே ஒரு சதவீதம் கூட வேண்டுமென்றால் மீட்டருக்கு 2 மில்லிநியூட்டனுக்கு மேல் இழுவிசை வேண்டும். 3 முதல் 5 சதவீதத்துக்குள் படலம் கிழிந்துவிடும். பக்கவாட்டு நகர்வுக்கு எதிர்ப்பாக மீள்விசை என்று எதுவும் இல்லை. பட்டுத்துணியும் எளிதில் மடியும், நீளாது. ஆனால் பட்டின் இழைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் படலத்திலோ ஒவ்வொரு மூலக்கூறும் தன் அண்டை மூலக்கூறோடு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. தடிமன் திசையில் திடம் போலவும் பரப்புத் திசையில் திரவம் போலவும் நடந்துகொள்ளும் பொருள் இது.

இந்த எண்கள் நீரில் சுதந்திரமாக மிதக்கும் குமிழிகளிலிருந்து வந்தவை. 1973-இல் வொல்ப்காங் ஹெல்ஃப்ரிக் படலத்தின் வளைவுக்கு ஒரு கணிதக் கோட்பாடு தந்தார். இவான் எவான்ஸ் சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயால் குமிழியை மெல்ல உறிஞ்சி, எவ்வளவு உறிஞ்சினால் பரப்பு எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார். இந்த இருவரின் பாதையில்தான் சவ்வு இயக்கவியல் வளர்ந்தது.

ஆனால் லிப்பிட் எப்போதும் மிதந்துகொண்டே இருப்பதில்லை. நுரையீரலில் அது நீருக்கும் காற்றுக்கும் இடையில் படிகிறது. மூட்டுகளில் குருத்தெலும்பின் மேல் படிகிறது. ஆய்வகத்தில் மைக்கா, சிலிக்கா, தங்கம் ஆகியவற்றின் மேல் நாமே படியவைக்கிறோம். படிந்த படலத்தின் வலிமையை அளக்க முற்படும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அடியில் உள்ள பரப்பைப் பொருளைத் தாங்கும் வெறும் மேசையாக நினைத்துப் பலர் அளந்திருக்கிறார்கள். அந்தப் பரப்பும், இடையில் சிக்கிய நீரும், நீரில் கரைந்த உப்பும், அளக்கும் வேகமும் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன. இவற்றைச் சொல்லாமல் சொல்லப்படும் வலிமை எண்ணுக்கு அறிவியல் மதிப்பு இல்லை என்பதே என் வாதம்.

முதலில், இந்தப் படலம் எப்படித் தானாகவே உருவாகிறது? பாஸ்போலிப்பிட் மூலக்கூறுக்கு நீரை நாடும் ஒரு தலை, நீரை ஒதுக்கும் இரண்டு வால்கள். நீரில் போட்டால் வால்கள் ஒன்றுசேர்ந்து ஒளிந்துகொள்கின்றன. தலைகள் வெளியே நீரைப் பார்க்கின்றன. எந்த வடிவில் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் 1976-இல் ஓர் எளிய அளவுகோலைக் கொடுத்தார்கள்: வாலின் கன அளவை, தலை பிடிக்கும் பரப்பும் வாலின் நீளமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குக் குறைவாக வந்தால் சிறு உருண்டைகள், அரைவரை உருளைகள், ஒன்றை நெருங்கினால் தட்டையான ஈரடுக்கு, ஒன்றைத் தாண்டினால் தலைகீழான குழாய்களும் முப்பரிமாணத்தில் பின்னிய கனசதுர அமைப்புகளும். செல்சவ்வின் பெரும்பாலான லிப்பிடுகள் ஈரடுக்குக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதன் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர்.

ஈரடுக்கு என்ற கருத்தே பரப்பின் மேல் செய்த ஓர் அளவீட்டிலிருந்துதான் பிறந்தது. 1925-இல் நெதர்லாந்தின் லெய்டனில் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் சிவப்பணுக்களின் லிப்பிடைப் பிரித்தெடுத்து நீரின் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல் இரு மடங்கு இடத்தை அது நிரப்பியது. ஆகவே சவ்வில் இரண்டு அடுக்கு என்று முடிவு கட்டினார்கள். முடிவு சரி. வழியில் இரண்டு பிழைகள் இருந்தன: லிப்பிட் முழுவதும் பிரிந்து வரவில்லை, அணுவின் பரப்பும் குறைவாகக் கணக்கிடப்பட்டது. ஒரு பிழை மற்றதைச் சரிக்கட்டிவிட்டது. இத்துறை பிறக்கும்போதே கிடைத்த எச்சரிக்கையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

திடப்பொருளின் மேல் ஈரடுக்கைப் படியவைக்கும் வழியை 1980-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் மெக்கானலின் குழு வகுத்தது; டாமும் மெக்கானலும் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படை. லிப்பிடைச் சிறு குமிழிகளாக நீரில் தயாரித்துச் சுத்தமான சிலிக்காவின் மேல் ஊற்றினால், குமிழிகள் ஒட்டி, உடைந்து, விரிந்து, ஒரே தொடர்ச்சியான படலமாகிவிடும். படலத்துக்கும் சிலிக்காவுக்கும் இடையில் சுமார் 1 நானோமீட்டர் நீர் தங்கிவிடுகிறது. அந்த நீரின் புண்ணியத்தில்தான் கீழ் அடுக்கின் மூலக்கூறுகளும் நகர முடிகிறது.

குமிழி உடைவதை நேரில் காட்டியது குவார்ட்ஸ் படிகத் தராசு. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கெல்லரும் காசெமோவும் 1998-இல் வெளியிட்ட அளவீட்டைப் பார்ப்போம். மெல்லிய குவார்ட்ஸ் தகடு நொடிக்கு 50 லட்சம் முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் எது படிந்தாலும் எடைக்கேற்ப அதிர்வெண் குறையும். படிந்தது கெட்டியானதா, நீர் கோத்துத் தளதளவென்று இருக்கிறதா என்பதை அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது சொல்லும். சிலிக்கா பூசிய தகட்டின் மேல் குமிழிக் கரைசல் வந்ததும் அதிர்வெண் சரசரவென்று இறங்குகிறது. அதிர்வின் இழப்பும் ஏறுகிறது. குமிழிகள் வயிற்றுக்குள் நீரோடு முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சிறிது நேரத்தில் திருப்பம் வருகிறது. ஒட்டியவற்றின் நெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அவை உடைய ஆரம்பிக்கின்றன. உள்ளிருந்த நீர் வெளியேறுகிறது. அதிர்வெண் மறுபடி ஏறி, தொடங்கிய இடத்துக்கு 26 ஹெர்ட்ஸ் கீழே நின்றுவிடுகிறது. இழப்பு ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அந்த 26 ஹெர்ட்ஸைச் சாவர்பிரே 1959-இல் தந்த சூத்திரத்தில் போட்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 460 நானோகிராம். ஒரே ஓர் ஈரடுக்கின் எடை அது, அடியில் சிக்கிய சிறிதளவு நீரையும் சேர்த்து.

அதே குமிழியைத் தங்கத்தின் மேல் விட்டால் உடைவதே இல்லை. முழுக் குமிழியாகவே ஒட்டி நிற்கும். லிப்பிட் அதேதான், நீர் அதேதான். அடியில் உள்ள பரப்பு மட்டும் வேறு.

ஏன் என்பதற்குப் பின்னால் அழகான ஓர் இயக்கவியல் கணக்கு இருக்கிறது. தட்டையான படலத்தை உருண்டையாக வளைத்து மூடத் தேவையான ஆற்றல், ஹெல்ஃப்ரிக்கின் கோட்பாட்டின்படி, உருண்டையின் அளவைப் பொறுத்ததே இல்லை. 50 நானோமீட்டர் குமிழிக்கும் 50 மைக்ரோமீட்டர் குமிழிக்கும் ஒரே செலவு: வளைவுறுதியின் சுமார் 25 மடங்கு, அதாவது வெப்ப ஆற்றலின் 500 மடங்கு. பரப்போடு ஒட்டுவதால் கிடைக்கும் ஆற்றலோ ஒட்டும் பரப்பளவோடு கூடிக்கொண்டே போகும். ஆகவே பெரிய குமிழிக்கு ஒட்டித் தட்டையாவது லாபம், சிறிய குமிழிக்கு நட்டம். சைஃபெர்ட்டும் லிப்போவ்ஸ்கியும் 1990-இல் இந்தப் போட்டியைக் கணக்கிட்டு, பரப்புக்குப் பரப்பு வேறுபடும் ஒட்டும் ஆற்றலுக்கேற்ப ஓர் எல்லை ஆரம் உண்டு என்று காட்டினார்கள். அதற்குக் கீழே குமிழி ஒட்டுவதே கட்டுப்படியாகாது.

இனி துளைக்கும் அளவீட்டுக்கு வருவோம். பின்னிக், குவேட், கெர்பர் 1986-இல் அறிமுகம் செய்த அணுவிசை நுண்ணோக்கியில் ஒரு மெல்லிய வில்லின் நுனியில் சில நானோமீட்டர் ஆரமுள்ள ஊசிமுனை இருக்கும். அதை நீருக்குள், மைக்காவின் மேல் படிந்த ஈரடுக்கை நோக்கி மெல்ல இறக்குகிறோம். திரையில் விசைக் கோடு முதலில் படுத்தே கிடக்கிறது. முனை படலத்தைத் தொட்டதும் கோடு மேலே வளைகிறது. படலம் அமுங்கிக் கொடுக்கிறது. விசை ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது. சட்டென்று ஒரு வெட்டு: விசை ஏறாமலேயே முனை நான்கைந்து நானோமீட்டர் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு கோடு செங்குத்தாக நிற்கிறது, ஏனென்றால் முனை இப்போது மைக்காவில் முட்டி நிற்கிறது. படலம் துளைபட்ட அந்த விசையைத்தான் துளைப்பு விசை என்கிறார்கள். முனையைத் தூக்கிய சிறிது நேரத்தில் துளை தானாகவே மூடிக்கொள்கிறது. அதே இடத்தில் மறுபடி இறக்கினால் மறுபடி அதே வெட்டு.

இந்த விசை சில நானோநியூட்டன் முதல் பல பத்து நானோநியூட்டன்வரை இருக்கும். கேட்கச் சிறிதுதான். ஆனால் முனை தொடும் இடம் 10 நானோமீட்டர் ஆரமுள்ள வட்டம் என்று வைத்துக்கொண்டால், 10 நானோநியூட்டன் என்பது 300 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். வால்கள் வளைந்து நெகிழ்ந்திருக்கும் டி.ஓ.பி.சி. போன்ற லிப்பிடுகள் அறை வெப்பத்தில் எளிதில் துளைபடும். 41 டிகிரி செல்சியசுக்குக் கீழே வால்கள் விறைத்து அடுக்கிக்கொள்ளும் டி.பி.பி.சி. அதைவிடப் பன்மடங்கு தாங்கும். கொலஸ்ட்ரால் சேர்த்தால் நெகிழ்ந்த படலமும் உறுதிப்படும்.

இதுவரை லிப்பிடின் குணம். இனி வருவது சூழலின் குணம். தூய நீருக்குப் பதில் உப்பு நீரில் அளந்தால் துளைப்பு விசை கணிசமாகக் கூடுகிறது, ஏனென்றால் அயனிகள் தலைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நெருக்கிப் பிடிக்கின்றன. முனையை வேகமாக இறக்கினாலும் கூடுகிறது. ஹான்ஸ்-யூர்கன் புட், ஃபிரான்ஸ் இருவரும் 2002-இல் இதற்கு விளக்கம் தந்தார்கள்: துளை விழுவது ஓர் எல்லையைத் தாண்டியதும் நடக்கும் முறிவல்ல, வெப்ப அசைவின் உதவியோடு நேரும் தற்செயல் நிகழ்வு. மெதுவாக அழுத்தினால் அந்தத் தற்செயலுக்குக் காத்திருக்க நேரம் கிடைக்கும், குறைந்த விசையிலேயே துளை விழும். வேகத்தின் மடக்கையோடு விசை ஏறும். ஆகவே “இந்தப் படலத்தின் துளைப்பு விசை இவ்வளவு” என்ற வாக்கியமே முழுமையற்றது.

மைக்காவும் சும்மா இருப்பதில்லை. மிதக்கும் குமிழியில் இரண்டு அடுக்குகளும் ஒரே வெப்பநிலையில் உருகும். மைக்காவின் மேல் படிந்தாலோ கீழடுக்கு ஒரு வெப்பநிலையிலும் மேலடுக்கு வேறொரு வெப்பநிலையிலும் உருகக்கூடும். கீழடுக்கைப் பரப்பு பிடித்து வைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை மீள்குணகத்தில் இருக்கிறது. விசைக் கோட்டின் வளைவிலிருந்து, கெட்டியான திடப்பொருள்களுக்கு எழுதப்பட்ட ஹெர்ட்ஸ் சூத்திரத்தால் படலத்தின் யங் குணகத்தைக் கணக்கிட்டு மெகாபாஸ்கலில் தரும் வழக்கம் இருக்கிறது. மெல்லிய பூச்சுகளை அளப்பவர்கள் கடைப்பிடிக்கும் பொது விதி, தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தக் கூடாது என்பது. மீறினால் அடித்தளத்தின் விறைப்பு எண்ணில் கலந்துவிடும். 5 நானோமீட்டர் படலத்தில் பத்தில் ஒரு பங்கு அரை நானோமீட்டர். இரண்டு நீர் மூலக்கூறுகளின் அகலம் அது! தவிர, யங் குணகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும் திடப்பொருளுக்கு உரியது. பக்கவாட்டில் பாயும் ஒரு படலத்துக்கு அப்படி ஓர் எண்ணைக் கட்டிவைப்பது பயனற்றது என்றே கருதுகிறேன். ஒரே ஆய்வகத்தில், ஒரே முனையால், ஒரே நாளில் அளந்த இரண்டு படலங்களை ஒப்பிட மட்டும் அது உதவலாம்.

மாற்று வழிகள் இருக்கின்றன. கோட்டிங்கனில் ஸ்டைனெம், யான்ஷாஃப் குழுவினர் நுண்துளைகள் நிறைந்த தகட்டின் மேல் படலத்தைப் பரப்பி, துளையின் நடுவில், அடியில் ஒன்றும் இல்லாத இடத்தில் முனையால் அழுத்தினார்கள். அங்கே எதிர்ப்பு தருவது படலத்தின் இழுவிசை. அதற்கு நேரடிப் பொருள் உண்டு.

ஒட்டிய குமிழிகளை அளப்பதிலும் இதே வகைத் தெளிவு அண்மையில் வந்திருக்கிறது. நெதர்லாந்தில் வுயிட்டே, ரூஸ் ஆகியோரின் குழுக்களில் ஃபோர்செலன் 2017-இல் காட்டியது இது: பரப்பில் ஒட்டிய நானோகுமிழியை அழுத்தும்போது தெரியும் விறைப்பில் ஒரு பகுதிதான் சவ்வுடையது, மற்றது உள்ளே சிக்கிய நீரின் அழுத்தம். ஒட்டித் தட்டையாகும்போது கன அளவு குறைய முற்படுகிறது, உள்ளிருக்கும் கரைபொருள்கள் வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. முனையைப் பின்னிழுக்கும்போது சவ்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் கூடவே இழுபட்டு வரும். அதன் விசையைக் கொண்டு இரண்டையும் பிரித்தார்கள். மறு ஆண்டு இதே முறையைச் சிவப்பணுக்கள் உதிர்க்கும் நுண்குமிழிகளின் மேல் பயன்படுத்தியபோது, பரம்பரையாக வரும் உருளணு நோய் உள்ளவர்களின் குமிழிச் சவ்வு மற்றவர்களுடையதைவிட மென்மையாக இருப்பது தெரிந்தது. அழுத்தத்தைப் பிரிக்காமல் அளந்திருந்தால் அந்த முடிவை நம்பியிருக்க முடியாது.

உடலுக்குள் வருவோம். நுரையீரலின் காற்றறைகளை நீர்ப்படலம் போர்த்தியிருக்கிறது. அந்த நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். அதை அப்படியே விட்டால் மூச்சு விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நீரின் மேல் படியும் லிப்பிட் ஒற்றைப் படலம் அந்த இழுவிசையை ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு இறக்குகிறது. அதில் மற்ற எந்த லிப்பிடையும்விட அதிகம் இருப்பது டி.பி.பி.சி. அதன் உருகுநிலை 41 டிகிரி, உடலின் வெப்பம் 37. ஆகவே நெருக்கும்போது நழுவி ஓடாமல் விறைத்துத் தாங்குகிறது. ஆனால் தனி டி.பி.பி.சி. மூச்சை இழுக்கும்போது வேகமாகப் பரவாது. அதற்கு நெகிழ்ந்த வாலுள்ள லிப்பிடுகளும் சில புரதங்களும் கூடவே வேண்டும். 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இந்தப் படலப் பொருளின் குறைபாடே காரணம் என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலத்தின் இயக்கவியல் இன்று உலகமெங்கும் பச்சிளங்குழந்தைகளைக் காப்பாற்றிவருகிறது.

மூட்டுகளில் இன்னும் வியப்பு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் கிளைனின் குழு, அணுவளவில் வழுவழுப்பான இரண்டு மைக்கா தகடுகளின் மேல் லிப்பிட் குமிழிகளை நெருக்கமாகப் படியவைத்து, ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தித் தேய்த்தது. 2011-இல் வெளியான முடிவின்படி, 12 மெகாபாஸ்கல்வரை, அதாவது சுமார் 120 வளிமண்டல அழுத்தம்வரை, உராய்வுக் குணகம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. லிப்பிடின் தலை தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அவற்றைப் பிதுக்கி வெளியேற்ற முடியாது, ஆனால் அவை இடம் மாறுவது மிக வேகம். பாரத்தைத் தாங்கிக்கொண்டே வழுக்குகிறது.

அந்தச் சாதனை வால் விறைத்த லிப்பிடுடையது. நெகிழ்ந்த வாலுள்ள படலத்தைத் தூய நீரில் வைத்து அதே பாரத்தில் தேய்த்தால் பிய்ந்துவிடுகிறது. ஆனால் சுற்றியுள்ள நீரிலும் லிப்பிட் மிதந்துகொண்டிருந்தால், பிய்ந்த இடம் உடனுக்குடன் நிரம்பி, உராய்வு தாழ்வாகவே நிற்கிறது என்று அதே குழு பின்னர் காட்டியது. ஊசிமுனையில் வலுவற்றது என்று பதிவாகும் படலம் மூட்டில் உழைக்கத் தகுதியுள்ளதாக இருக்கலாம். மூட்டு நீரில் லிப்பிடுக்குப் பஞ்சமில்லை.

இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. துளைப்பு விசையின் சராசரியை மட்டும் வெளியிடாதீர்கள். அடித்தளம், உப்பின் செறிவு, வெப்பநிலை, முனையின் ஆரம், இறக்கிய வேகம் ஐந்தையும் அட்டவணையிலேயே எழுதுங்கள். வெட்டே விழாத விசைக் கோடுகளையும், இரண்டு முறை வெட்டு விழுந்த கோடுகளையும் ஒதுக்கிவிடாமல் எத்தனை என்று சொல்லுங்கள்; ஈரடுக்கின் இரண்டு அடுக்குகள் தனித்தனியாக நடந்துகொள்வதும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஈரடுக்குகள் படிந்திருப்பதும் அந்தக் கோடுகளில்தான் தெரியவரும்.